20 பேர்ச் வளவில் 40 மீற்றர் கோபுரம்: சபையின் அனுமதியும் அயலவரின் மனுவும்

திருக்கடலூர் வாத்தியார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். திருகோணமலை நகர எல்லைக்குள், திருக்கடலூர்ப் பக்கத்தில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 250 மீற்றர் உள்ளே, தகப்பனார் வழியில் எனக்கும் என் தங்கைக்கும் வந்த 20 பேர்ச் வளவு ஒன்று வெறுமனே கிடக்கிறது. பதினொரு தென்னை, பூவரசு வேலி, கட்டு உடைந்த ஒரு பழைய கிணறு, இவ்வளவுதான் அதில் உண்டு. சென்ற ஆவணியில் கைத்தொலைபேசி நிறுவனமொன்றின் சார்பில் இருவர் வந்து, வளவின் ஒரு மூலையில் 40 மீற்றர் உயரக் கோபுரம் அமைப்பதற்கு 10 ஆண்டுக் குத்தகைக்கு இடம் தர முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் மாலை ஆறு மணிக்குப் பின் பேச்சு அறுந்து அறுந்து வருவதையும், பிள்ளைகள் இணையத்தில் பாடம் பார்ப்பதற்காக வீதி மதிலில் ஏறிக் குந்தியிருப்பதையும் நாளும் காண்கிறவன் என்பதால், வாடகையும் வரும், ஊருக்கும் உதவும் என்று எண்ணி வாய்ச்சம்மதம் கொடுத்தேன். ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை.

நில அளவையாளர் வந்து நான்கு கட்டைகளை அடித்து, அவற்றின் தலையில் சிவப்பு மை பூசிவிட்டுப் போன மறுநாளே பேச்சுக் கிளம்பிவிட்டது. ஒரு கிழமைக்குள் 43 பேர் கையொப்பமிட்ட மனு சபைக்குப் போய்ச் சேர்ந்தது. முதற் கையொப்பம் வேலிக்கு அப்பால் குடியிருக்கும், எனக்கு மச்சாள் முறையான, என்னை விட மூத்த ஒருவருடையது. வழியில் கண்டபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "தம்பி, உனக்கு வாடகை, எங்களுக்கு வருத்தமோ?" நாற்பது ஆண்டுகள் வகுப்பில் பேசிய எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை.

சபையில் விசாரித்தால், கோப்பு இருக்கிறது, அயலவர் சம்மதம் வந்த பின் பார்ப்போம் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். நிறுவனத்தாரோ, தொலைத்தொடர்பு ஆணைக்குழு அனுமதித்துவிட்டால் சபை தடுக்க முடியாது என்கிறார்கள். இவற்றில் எது சரி? யார் யாருடைய அனுமதி வேண்டும்? 43 கையொப்பங்கள் ஒரு விண்ணப்பத்தை நிறுத்திவிடுமா? மச்சாளுக்கு நான் மனச்சாட்சியோடு என்ன பதில் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதவும்.


பழைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதியது:

வணக்கம் வாத்தியார். உள்ளூராட்சி மன்றமொன்றில் 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் சபையில் வேலை செய்ததில்லை. ஆனாலும் கோப்பு எல்லாச் சபைகளிலும் ஒரே மாதிரித்தான் உறங்கும்.

நிறுவனத்தார் சொன்னது பாதி உண்மை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதைத் திருத்திய 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்திருப்பது அலைவரிசை, உரிமம், சேவை ஆகியவற்றின் மேல். அவ்விடத்தில் இன்னொரு கோபுரம் தேவைதானா, அருகில் நிற்கும் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாதா என்பதை ஆணைக்குழு பார்க்கும். அந்தக் காணியில், அந்த உயரத்தில், அந்த அத்திவாரத்தின் மேல் ஒரு கட்டுமானம் எழலாமா என்பது வேறு கேள்வி. அது 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழும், 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் வருகிறது. திருகோணமலை நகரம் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது; ஆகவே அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அங்கே ஒரு கல்லும் வைக்க முடியாது. வைத்தால், அதே சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றம் வரை போய் இடிப்பதற்குக் கட்டளை பெறலாம். ஓர் அனுமதி மற்றதன் இடத்தை நிரப்பாது.

உங்கள் காணிக்கு மட்டும் உரிய சிக்கல்களும் உள்ளன. கடலிலிருந்து 250 மீற்றர் என்கிறீர்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். எனவே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இதை நிறுவனத்தார் உங்களிடம் சொன்னார்களா? நகரத்துக்குள் வழக்கமாகக் கோபுரம் போடுகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். குடாவுக்கு அந்தப் பக்கத்தில் சீனக்குடா விமானத்தளம் இருப்பதால் உயரத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் இசைவும், கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம் ஊருக்குள்ளேயே இருப்பதால் பாதுகாப்பு அமைச்சின் இசைவும் கேட்கப்படும். சுற்றாடல் அதிகார சபையின் பரிந்துரைக் கடிதமும் கோப்பில் இருப்பது நல்லது. இந்தக் கடிதங்கள் கையில் வந்த பிறகு ஆரம்பத் திட்டமிடல் இசைவு, அதன் பின் முழு வரைபடத்தோடு அனுமதிப்பத்திரம், கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் என்பதுதான் ஒழுங்கு. கடைசியாகச் சொன்ன சான்றிதழைப் பலர் வாங்குவதே இல்லை. வாங்காதவரை அது சட்டப்படி முடிவுறாத கட்டுமானம்.

இனி மனுவைப் பற்றி. மனு என்பது வாக்கெடுப்பு அல்ல. 43 பேர் எதிர்த்தார்கள் என்பதற்காக மறுக்கவும் முடியாது, இருவர்தான் எதிர்த்தார்கள் என்பதற்காக அனுமதிக்கவும் முடியாது. திட்டமிடல் குழு காரணத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்காக அயலவரை ஒதுக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நான் இருந்த சபையில், கோபுரத்தின் உயரத்தை ஆரையாகக் கொண்டு ஒரு வட்டம் கீறி, அதற்குள் வீடுள்ள ஒவ்வொருவரின் கருத்தையும் எழுத்தில் கேட்போம். உங்கள் வளவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 20 பேர்ச் ஏறத்தாழ 506 சதுர மீற்றர். 40 மீற்றர் ஆரையுள்ள வட்டமோ 5,027 சதுர மீற்றர். அதாவது உங்கள் வளவைப் போல் பத்து மடங்கு நிலத்தின் மேல் அந்தக் கோபுரத்தின் நிழல் சட்டப்படி விழுகிறது. கோபுரம் வேரோடு மரம் சாய்வது போல் முழு நீளத்துக்கும் விழுவது அரிது, பெரும்பாலும் மேற்பகுதிதான் முறிந்து மடங்கும். ஆனால் அதை வேலிக்கு அப்பால் படுத்துறங்குகிறவரிடம் வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது.

ஆகவே பட்டய அமைப்புப் பொறியியலாளரின் சான்றிதழைக் கேளுங்கள்; அதில் எந்தக் காற்று வேகத்துக்குக் கணித்தார்கள் என்பதையும் பாருங்கள். 1978 ஆம் ஆண்டு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளிக்குப் பிறகு, பலத்த காற்றுக்கு ஏற்பக் கட்டடங்களை வடிவமைப்பதற்கான கைந்நூல் 1980 இல் வெளிவந்தது. அதில் நாடு மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, நம்முடைய கிழக்குக் கரை முதலாம் வலயம். சாதாரணக் கட்டுமானத்துக்கு வினாடிக்கு 49 மீற்றர், அனர்த்தத்துக்குப் பின்னும் இயங்க வேண்டியவற்றுக்கு 54 மீற்றர் என்பது இந்த வலயத்தின் கணக்கு. 54 மீற்றர் என்றால் மணிக்கு 194 கிலோமீற்றர். கொழும்புப் பக்கத்துக்கு வரைந்த அதே வரைபடத்தைத் தலைப்பை மட்டும் மாற்றி இங்கே கொண்டுவந்ததை நான் என் மேசையில் கண்டிருக்கிறேன். 2020 மார்கழி 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நம் கரையைக் கடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணின் பெறுமதி விளங்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. நில அளவையாளர் தந்த படத்தில் உங்கள் கிணறும், வேலிக்கு அப்பால் உள்ள கிணறுகளும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? இல்லையென்றால் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுங்கள்.


அலைவரிசைப் பொறியியலாளன் எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சொல்லை அதற்கேற்ப எடைபோட்டுக் கொள்ளுங்கள்.

மச்சாள் கேட்ட வருத்தம், அதாவது கதிர்வீச்சால் நோய் வரும் என்ற அச்சத்துக்கு, "ஒன்றும் செய்யாது" என்ற பதிலைச் சொல்லாதீர்கள். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் சனத்துக்குச் சந்தேகம் வருகிறது. கணக்கைக் காட்டுங்கள். கோபுரத்தில் பொருத்தும் ஓர் அலைவாங்கிக்கு (அன்டெனாவுக்கு) 60 வாட் வலு செல்கிறது, அது அந்த வலுவை ஒரு பக்கமாகக் குவித்து 50 மடங்காகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கற்றையின் நடுவிலேயே நிற்கும் ஒருவருக்கு 100 மீற்றர் தூரத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.024 வாட் கிடைக்கும். அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு பொதுமக்களுக்கு வகுத்துள்ள எல்லை, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 9 வாட். 900 மெகாஹேர்ட்ஸில் 4.5 வாட். 1800 இன் எல்லையோடு ஒப்பிட்டால் நமக்குக் கிடைப்பது அதில் ஏறத்தாழ 375 இல் ஒரு பங்கு. ஒரே கோபுரத்தில் பல நிறுவனங்களும் பல அலைவரிசைகளும் சேர்ந்து அது பத்து மடங்கானாலும் எல்லையைத் தொட நெடுந்தூரம் இருக்கிறது. அதுவும் கற்றையின் நடுவில் நிற்பவருக்கு. கற்றை மேல்கீழாக மெல்லியது. 40 மீற்றர் உயரத்திலிருந்து 4 பாகை கீழே சரித்தால் அதன் நடுக்கோடு தரையைத் தொடுவது 570 மீற்றருக்கு அப்பால்தான். கோபுரத்தின் காலடியில் குடியிருப்பவருக்கு நடுக் கற்றை கிடைப்பதில்லை, விளக்குத் தூணின் அடியில் இருட்டாக இருப்பது போல.

2011 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வானொலி அலைகளை 2பி வகுதியில் சேர்த்தது என்பதை மனுவில் யாராவது எழுதியிருப்பார்கள். அது உண்மைதான், மறைக்க வேண்டாம். "சாத்தியம் இருக்கலாம், சான்று போதாது" என்பதே அந்த வகுதியின் பொருள். ஆசிய நாடுகளில் பாரம்பரியமாகப் போடும் மரக்கறி ஊறுகாயும் அதே வகுதியில்தான் இருக்கிறது. மேலும், சிக்னல் குறைந்த இடத்தில் கைத்தொலைபேசி தன் வலுவைக் கூட்டிக்கொண்டு காதோடு ஒட்டி ஒலிபரப்புகிறது என்பதையும் மச்சாளிடம் சொல்லலாம். தொலைவில் நிற்கும் கோபுரத்தை விடக் காதில் இருக்கும் கருவியிலிருந்துதான் உடம்புக்கு அதிகம் கிடைக்கிறது. கோபுரம் இயங்கத் தொடங்கிய பின் அவருடைய முற்றத்திலேயே அளந்து எழுத்தில் தருவதாக நிறுவனத்திடம் உறுதி வாங்குங்கள். அளவீடு ஒரு மணிநேர வேலை. அதற்குத் தயங்குகிறவர்களோடு குத்தகை எழுதாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஏன் 40 மீற்றர்? மேலே பழைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் கீறிய வட்டத்தைச் சுருக்குவதற்கு மிக எளிய வழி உயரத்தைக் குறைப்பதே. கடற்பக்கம் நெடுந்தூரம் எட்ட வேண்டும் என்று சொல்வார்கள். அலை வளைவைக் கணக்கில் எடுத்தால், உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கி வருவதுதான் கிலோமீற்றரில் அலையின் அடிவானம்: 40 மீற்றருக்கு 26, 30 மீற்றருக்கு 22.6. பத்து மீற்றரைக் குறைப்பதால் இழப்பது மூன்றரைக் கிலோமீற்றர்தான். அவ்வளவு தூரத்திலிருந்து படகில் இருக்கும் கைத்தொலைபேசியின் குரல் திரும்பி வருவதே கடினம். தென்னையின் தலைக்கு மேல் அலைவாங்கி நின்றால் போதும், 30 மீற்றர் அதற்குத் தாராளம். நான்கு கால் கோபுரத்துக்குப் பதிலாக ஒற்றைக் கம்பம் கேட்டால் அத்திவாரத்துக்கான இடமும் குறையும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும்.

இன்னொன்று, உப்புக்காற்று. கடலுக்கு இவ்வளவு அருகில் நாகம் பூசிய உருக்கும் சில ஆண்டுகளில் மூட்டுகளில் துருவேறத் தொடங்கும். ஆண்டுக்கொரு முறை ஆணிகளையும் மூட்டுகளையும் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள்.


பாலையூற்றுவாசி எழுதியது:

பொறியியலாளர் ஐயாவின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கோபுரத்துக்குப் பக்கத்தில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களை வருத்தியது கண்ணுக்குத் தெரியாத கதிர் அல்ல, காதுக்குத் தெரிந்த மின்பிறப்பாக்கி. அது எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே வேண்டாம். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட போது, எங்கள் படுக்கையறைச் சன்னலிலிருந்து ஏழு மீற்றரில் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தாயார் அப்போது படுக்கையில். பகலில் அவரைத் தூங்கவைப்பதற்காகச் சன்னலுக்கு மெத்தையைச் சார்த்தி வைத்தோம். மின்விசிறியும் இல்லை, காற்றும் இல்லை. தொலைபேசி எடுத்து முறையிட்டால் எதிர்முனையில் இருந்தவர், உங்கள் முறைப்பாட்டை அந்தக் கோபுரத்தின் சிக்னலில்தானே சொல்கிறீர்கள் என்று சிரித்தார்.

1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலுக்கு 63 டெசிபல், இரவுக்கு 50 டெசிபல் என்று எல்லை இருப்பதை நான் அறிந்துகொண்டது பிற்பாடுதான். அளப்பதற்கு ஆள் வந்த அன்று மின்வெட்டு இருக்கவில்லை.

அதைவிட மோசமானது டீசல். தாங்கியை நிரப்ப வருகிறவர் குழாயை எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். நம்முடைய மண் மணல், தண்ணீர் சில அடிகளிலேயே இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் எங்கள் கிணற்றில் வாளியை இறக்கி எடுத்தால் நீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. குளிப்பதை நிறுத்தினோம், தென்னைக்கு மட்டும் ஊற்றினோம். மனுவில் நோய் என்று எழுதியிருந்தாலும் உங்கள் மச்சாளின் மனதில் இருப்பது இதுபோல் ஏதாவது ஒன்றாகவும் இருக்கலாம்; போய்க் கேட்டுப் பாருங்கள். நிலையான மின்பிறப்பாக்கி வேண்டாம், பற்றரியைக் கூட்டுங்கள், நெடிய மின்வெட்டு வந்தால் மட்டும் வண்டியில் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள். வைத்தே தீருவோம் என்றால், தாங்கி முழுவதும் கசிந்தாலும் வெளியேறாதபடி அதன் கொள்ளளவை விடக் கூடுதலாகக் கொள்ளும் சீமெந்துத் தொட்டிக்குள் அதை வைக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கு மிக எட்டிய மூலையில்.


வலைக்காரன் மகன் எழுதியது:

படித்தவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை நானும் சொல்கிறேன். என் தகப்பனார் இன்னும் கடலுக்குப் போகிறார். காற்று மாறிவிட்டது என்று கரையிலிருந்து ஓர் அழைப்புப் போய்ச் சேருகிறதா, இல்லையா என்பதில்தான் அந்த இரவு எங்களுக்குத் தூக்கம் இருக்கிறது. மனுவில் கையொப்பமிட்ட 43 பேரில் எத்தனை வீட்டில் படகு இருக்கிறது என்று பாருங்கள். அவர்களும் அழைப்பு எடுக்கிறவர்கள்தான்.


நொத்தாரிசு எழுதியது:

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, அனுமதிகள் பற்றி மேலே விரிவாக எழுதப்பட்டுவிட்டதால் குத்தகை உறுதிப் பத்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "எனக்கும் என் தங்கைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரித்து எழுதப்படாத பங்கு என்றால், நீங்கள் தனியாகக் கொடுக்கும் குத்தகை உங்கள் பங்கை மட்டுமே கட்டும். எந்த மூலை உங்கள் மூலை என்பதே சட்டப்படி தீர்மானமாகவில்லை. தங்கை வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள நம் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே அதைப் பதிவுசெய்த பிறகுதான் கையொப்பம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். நிறுவனத்தின் கடிதத் தாளில் இரு தரப்பும் ஒப்பமிட்ட "உடன்படிக்கை" குத்தகை ஆகாது.

எல்லா அனுமதிகளும் எழுத்தில் வந்த பின்னரே குத்தகை தொடங்கும் என்பது முதல் வாசகமாக இருக்கட்டும். அடுத்து, குத்தகைக்குப் போவது வேலியிட்ட மூன்று நான்கு பேர்ச் மட்டுமே, முழு வளவு அல்ல என்று எல்லைகளோடு எழுதுங்கள். வேறு நிறுவனத்தின் அலைவாங்கியைப் பொருத்துவதற்கும், கோபுரத்தையே வேறொருவருக்கு விற்பதற்கும் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று சேர்ப்பது அவசியம். இந்தத் துறையில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்வது வழக்கம். 2024 இல் ஏயார்ரெல் லங்கா டயலொக்குடன் சேர்ந்ததைப் பார்த்தோம். இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர் ஐந்தாம் ஆண்டில் வாடகை தருகிறவராக இருக்க மாட்டார். முடிவில் கோபுரத்தை மட்டுமல்ல, நிலத்துக்குக் கீழே உள்ள கொங்கிறீற்று அத்திவாரத்தையும் அகற்றித் தர வேண்டும் என்று எழுதத் தவறாதீர்கள். தவறினால் உங்கள் பேரப்பிள்ளை அந்த இடத்தில் முருங்கைத் தடி கூட நடமுடியாது.

சபையின் வாய்மொழிப் பதிலை எழுத்தாக்குவதற்கு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மனுவின் பிரதியையும் திட்டமிடல் குழு இதுவரை எடுத்த தீர்மானத்தையும் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா, மறுப்பதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். மனுவை வாசிக்காமல் மனுவுக்குப் பதில் எழுத முடியாது அல்லவா?


திருக்கடலூர் வாத்தியார் மீண்டும் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமதமாகப் பதில் எழுதுவதற்குக் காரணம், இடையில் நடந்தவை கொஞ்சம் அதிகம்.

முதலில் படத்தை எடுத்துப் பார்த்தேன். கிணறு இல்லை. என் கிணறும் இல்லை, மச்சாளின் கிணறும் இல்லை. நாடாவைப் பிடித்து அளந்தபோது, மின்பிறப்பாக்கிக்கென்று கீறியிருந்த சதுரத்திலிருந்து மச்சாளின் கிணற்றுக் கட்டு 19 அடி. படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். மனுவின் பிரதி வந்தது. நான்கு பக்க மனுவில் கதிர்வீச்சுக்கு அரைப் பக்கம். மிச்சம் எல்லாம் கோபுரம் விழுந்தால் என்ன செய்வது, இரைச்சல், மழைக்காலத்தில் ஒழுங்கைக்குள் பாரவண்டி வந்தால் வடிகால் உடையும் என்பவை. வடிகாலை இங்கே நம்மில் ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, அந்த ஒழுங்கையில் அறுபது ஆண்டுகளாக நடக்கிறேன்.

நிறுவனத்தாரோடு இரண்டு தடவை பேசினேன். 30 மீற்றர் ஒற்றைக் கம்பத்துக்கும், நிலையான மின்பிறப்பாக்கி இல்லாமல் பற்றரிக்கும் சம்மதித்து எழுதித் தந்திருக்கிறார்கள். கட்டைகளை வளவின் எதிர்மூலைக்கு மாற்றியாயிற்று. இப்போது மச்சாளின் கிணற்றுக்கு 58 அடி. இதற்காக இரண்டு தென்னைகளைத் தறிக்க வேண்டும், அது எனக்கு நோகத்தான் செய்கிறது, ஒன்று தகப்பனார் வைத்தது. காற்று வேகக் கணக்கைக் கேட்டபோது மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புதிய வரைபடத்தோடு சான்றிதழ் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்பதும் தெரியவந்தது. தங்கை அற்றோணித் தத்துவம் அனுப்புவதாகச் சொன்னாள். இத்தனையும் வரும்வரை நான் கையொப்பமிடப் போவதில்லை.

நேற்று மாலை மச்சாள் வேலிப்படலையைத் திறந்துகொண்டு வந்து, புதிய கட்டையிலிருந்து தன் கிணறு வரை காலடி வைத்து எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதக் கடிதத்தில் இன்னும் கையொப்பமிடவுமில்லை. போகும்போது, உச்சியில் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு விடிய விடியத் தன் முற்றத்தில் விழுமா என்று கேட்டார். பொறியியலாளர் ஐயா, இதற்கு மட்டும் ஒரு பதில் தர முடியுமா?


அலைவரிசைப் பொறியியலாளன் எழுதியது:

தரலாம் ஐயா. 45 மீற்றருக்குக் குறைந்த கட்டுமானங்களுக்குக் குறை ஒளி விளக்குத்தான்: அதில் ஒரு வகை 10 கண்டெலா, மற்றது 32. ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ ஒரு கண்டெலா. 30 மீற்றர் உயரத்தில் பத்து அல்லது முப்பத்திரண்டு மெழுகுவர்த்தி எரிந்தால் முற்றம் எப்படி இருக்கும் என்று மச்சாளிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கு தெரியும், அதன் வெளிச்சத்தில் அவருடைய முற்றத்தில் ஒரு நிழலும் விழாது.